கட்டுமானத் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி: அங்கீகாரம் பெற்றதா, நிறுவனமே நடத்துவதா?

தொழிலாளர்களை அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்துக்கு அனுப்புவதா, அல்லது நம்முடைய சேஃப்டி ஆபீசரைக் கொண்டு தளத்திலேயே பயிற்சி கொடுத்துவிடுவதா என்ற கேள்வி, கட்டுமான வேலை எடுத்து நடத்தும் ஒவ்வொருவருக்கும் வருகிறது. கட்டணம் எவ்வளவு, எத்தனை நாள் வேலை நிற்கும் என்ற இரண்டு கணக்கை மட்டும் போட்டுப் பார்த்து, மொத்த நிறுவனத்துக்கும் ஒரே முடிவை எடுத்துவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அந்த அணுகுமுறையே தவறு என்பது என் உறுதியான கருத்து. கிரேன் ஓட்டுபவருக்குத் தேவையான பயிற்சியும், செங்கல் சுமப்பவருக்குத் தேவையான பயிற்சியும், குழிக்குள் இறங்கிக் குழாய் பதிப்பவருக்குத் தேவையான பயிற்சியும் தன்மையிலேயே வேறுபட்டவை. ஆகவே முடிவை வேலைவாரியாக, அந்தந்த வேலையின் ஆபத்தை வைத்தே எடுக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் இந்த வழிகாட்டி விளக்குகிறது.

சட்டமும் ஒப்பந்தமும் என்ன கேட்கின்றன

முதலில் பார்க்க வேண்டியது, தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கு இருக்கிறதா என்பது. சில வேலைகளுக்கு எந்தச் சான்றிதழ் வேண்டும், அதை யார் வழங்க வேண்டும் என்று சட்டமே பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கும். அங்கே தேர்வுக்கு இடமில்லை. ஆஸ்திரேலியாவில் கட்டுமான வேலைக்குள் நுழைபவர், பதிவு பெற்ற பயிற்சி நிறுவனத்தில் பொதுப் பயிற்சியை முடித்து ‘வெள்ளை அட்டை’ எனப்படும் அட்டையைப் பெற்றிருக்க வேண்டும். அமெரிக்காவில் கட்டுமானத் தளத்துக் கிரேன்களில் பெரும்பாலானவற்றை இயக்குபவருக்குச் சான்று அல்லது உரிமம் கட்டாயம். இத்தகைய வேலைகளைத் தனிப் பட்டியலாக எழுதி முதலில் ஒதுக்கிவிடுங்கள்.

மற்ற வேலைகளில் சட்டம் பெரும்பாலும் பயிற்சி கொடுக்கும் கடமையை மட்டும் விதித்துவிட்டு, யார் கொடுப்பது என்பதை வேலை கொடுப்பவரிடம் விட்டுவிடுகிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1988இல் ஏற்றுக்கொண்ட, கட்டுமானத்தில் பாதுகாப்பும் உடல்நலமும் குறித்த 167ஆம் எண் உடன்படிக்கை, தொழிலாளர்களுக்கு அவர்கள் எதிர்கொள்ளக்கூடிய ஆபத்துகளைப் பற்றிப் போதுமான தகவலும் அவற்றைத் தவிர்ப்பதற்கான பயிற்சியும் கொடுக்கப்பட வேண்டும் என்கிறது. அமெரிக்காவின் உயரப் பாதுகாப்பு விதி, தகுதி வாய்ந்த ஒருவர் பயிற்சி அளித்து, பயிற்சி பெற்றவரின் பெயர், தேதி, பயிற்சி அளித்தவர் அல்லது வேலை கொடுப்பவரின் கையெழுத்து ஆகியவற்றுடன் எழுத்துமூலப் பதிவு வைத்திருக்க வேண்டும் என்று கேட்கிறது. அந்தப் பயிற்சியை நிறுவனமே நடத்தலாம்.

இதில் ஒரு தவறான எண்ணமும் பரவலாக இருக்கிறது. ஓஷா எனப்படும் அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறையின் ‘ஓஷா பத்து மணி நேரம்’ வகுப்பை முடித்த அட்டை கையில் இருந்தால் பயிற்சிக் கடமை முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்கக் கூட்டரசு அளவில் அந்த வகுப்பு கட்டாயமானதல்ல. ஒவ்வொரு வேலைக்கும் விதிகள் தனித்தனியாகக் கேட்கும் பயிற்சிக்கு அது ஈடாகாது என்று அதை நடத்தும் துறையே தெளிவாகச் சொல்கிறது. பொது அறிமுகத்துக்கான சான்றிதழை, வேலைத் திறனுக்கான சான்றிதழாக எங்கும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

சட்டத்தோடு நிறுத்திவிடாமல், கட்டட உரிமையாளருடனான ஒப்பந்தத்தையும் காப்பீட்டு ஆவணத்தையும் புரட்டிப் பாருங்கள். சட்டம் கேட்காத சான்றிதழை அவை கேட்டிருக்கக்கூடும்.

அங்கீகாரத்தை எப்படிச் சரிபார்ப்பது

விளம்பரப் பலகையில் ‘அங்கீகாரம் பெற்றது’ என்று எழுதியிருந்தால் உடனே பணம் கட்டிவிடக் கூடாது. எது அங்கீகாரம் பெற்றது என்று கேட்க வேண்டும். நிறுவனம் பெற்றிருக்கலாம், ஒரு குறிப்பிட்ட பாடத்திட்டம் மட்டும் பெற்றிருக்கலாம், பயிற்றுநர் தனிப்பட்ட முறையில் பெற்றிருக்கலாம், அல்லது பயிற்சி முடித்தவரைச் சோதித்துச் சான்றளிக்கும் அமைப்பு பெற்றிருக்கலாம். தீயணைப்புப் பயிற்சிக்கு அங்கீகாரம் வைத்திருக்கும் நிறுவனம், அதே முத்திரையைப் போட்டுச் சாரம் கட்டும் வகுப்புக்கும் சான்றிதழ் கொடுத்தால் அந்தக் காகிதத்துக்கு மதிப்பில்லை. எனவே அங்கீகாரம் எந்த அமைப்பால், எந்த வேலைகளுக்கு, எந்தத் தேதி வரை வழங்கப்பட்டது என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கி, அங்கீகாரம் வழங்கிய அமைப்பின் பட்டியலில் நீங்களே தேடிப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். நிறுவனம் அனுப்பும் ஸ்கேன் நகலைச் சான்றாக ஏற்க வேண்டாம்.

தனிநபர்களுக்குத் திறன் சான்று வழங்கும் அமைப்புகளுக்கென்று ஐஎஸ்ஓ/ஐஇசி 17024 என்ற பன்னாட்டுத் தரம் இருக்கிறது. பயிற்சியையும் சான்றளிப்பையும் ஒரே நிறுவனம் செய்தால் நடுநிலைமைக்கு ஆபத்து என்று அந்தத் தரம் கருதுகிறது. அப்படிச் செய்யும் நிறுவனம், அந்த ஆபத்தை எப்படிக் கட்டுப்படுத்துகிறது என்று காட்ட வேண்டும். இதை நாமும் ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். வகுப்பு எடுத்தவரே தேர்வும் வைத்து, அதே மாலையில் எல்லோருக்கும் சான்றிதழும் கொடுத்துவிட்டால், அந்தத் தேர்வு யாரையும் சோதிக்கவில்லை என்றே பொருள். கடந்த சில வகுப்புகளில் எத்தனை பேர் தேர்ச்சி பெறவில்லை, அவர்களை என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். நல்ல பயிற்சி நிலையம் இந்தக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்லும்.

செய்முறைப் பயிற்சி எங்கே, எதை வைத்து நடக்கிறது என்பதை நேரில் போய்ப் பார்ப்பது எல்லாவற்றிலும் முக்கியம். சாரம் கட்டும் பயிற்சி என்றால் அங்கே குழாய்களும் கிளாம்புகளும் பலகைகளும் இருக்க வேண்டும். பயிற்சி பெறுபவர்கள் கட்டிப் பிரிக்க இடமும் வேண்டும். புரொஜெக்டரும் நாற்காலிகளும் மட்டும் இருக்கும் இடத்தில் சாரம் கற்றுக்கொடுக்க முடியாது.

ஒன்று எங்கே முடிகிறது, மற்றொன்று எங்கே தொடங்குகிறது

உயரத்தில் வேலை செய்வதை எடுத்துக்கொள்வோம். இரண்டு பயிற்சிகளின் எல்லையும் இங்கே தெளிவாகத் தெரியும். வெளியே நல்ல வகுப்புக்குப் போய் வந்த தொழிலாளிக்கு ஹார்னஸை, அதாவது உடலோடு கட்டிக்கொள்ளும் பாதுகாப்புப் பட்டையை, முறையாக மாட்டத் தெரியும். நாடாவை இரு கைகளாலும் வளைத்துப் பிடித்து, வெட்டு, கருகல், தையல் பிரிதல் ஆகியவற்றைத் தேடத் தெரியும். கயிற்றை மாட்டும் முதுகுப்புற டி வளையம் தோள்பட்டைகளுக்கு நடுவே நிற்கிறதா என்று பார்க்கத் தெரியும். இவை எந்தத் தளத்திலும் மாறாத திறன்கள்.

ஆனால் அவர் வந்து நிற்கும் இடத்தில், கீழ்த்தளத்திலிருந்து 4 மீட்டர் உயரத்தில்தான் கொக்கி மாட்டுவதற்கான நங்கூரப் புள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹார்னஸை நங்கூரப் புள்ளியோடு இணைக்கும் கயிறான அவருடைய லேன்யார்டு 1.8 மீட்டர். விழும்போது அதிலுள்ள அதிர்வுறிஞ்சி கிழிந்து ஏறத்தாழ 1.1 மீட்டர் வரை நீளலாம். டி வளையத்திலிருந்து பாதம் வரை சுமார் 1.5 மீட்டர். ஹார்னஸ் இழுபடுவதற்கும் பாதுகாப்பு இடைவெளிக்கும் குறைந்தது 0.9 மீட்டர். கூட்டினால் நங்கூரப் புள்ளிக்குக் கீழே 5.3 மீட்டர் தடையற்ற வெளி வேண்டும்; இருப்பதோ 4 மீட்டர். அந்த மனிதர் எல்லாவற்றையும் முறையாக மாட்டிக்கொண்டும், கயிறு அவரைத் தாங்கி நிறுத்துவதற்கு முன்பே தரையில் மோதிவிடுவார். துல்லியமான அளவுகள் உபகரணத்துக்கு உபகரணம் மாறும் என்பதால், தயாரிப்பாளர் கொடுத்திருக்கும் எண்களை வைத்தே கணக்குப் போட வேண்டும். இந்தக் கணக்கைப் போடும் முறையை வெளி வகுப்பு கற்றுத்தரும். இந்தத் தளத்தில், இந்த உயரத்தில், இந்த லேன்யார்டு உதவாது, கயிற்றைத் தானாக உள்ளிழுத்துக்கொள்ளும் சாதனம் வேண்டும், அல்லது ஓரத்தில் கைப்பிடி வேலி அமைத்து ஹார்னஸின் தேவையையே நீக்க வேண்டும் என்பதைத் தளத்தில் இருப்பவர்தான் சொல்ல முடியும். வேலி அமைக்க முடிந்த இடத்தில் அதை அமைக்காமல், தொழிலாளிக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறோம் என்று ஆறுதல் கொள்வது எந்த வகைப் பயிற்சியிலும் ஏற்கத்தக்கதல்ல.

இதே அளவுகோலை மற்ற வேலைகளுக்கும் பொருத்திப் பார்க்கலாம். எல்லாத் தளங்களிலும் ஒன்றாகவே இருக்கும் அறிவையும் கைத்திறனையும் வெளிப் பயிற்சி நன்றாகத் தரும்: கிரேன் இயக்கம், சுமை கட்டுதல், சிக்னல் கொடுத்தல், சாரம் கட்டுதல், முதலுதவி, ஆஸ்பெஸ்டாஸ் அகற்றுதல். தளத்துக்குத் தளம், வாரத்துக்கு வாரம் மாறும் செய்திகளை நிறுவனம் மட்டுமே சொல்ல முடியும்: லாரிகள் எந்த வழியில் வரும், மின்கம்பி எங்கே போகிறது, இன்று எந்தச் சாரம் முழுமையாகவில்லை, தீ விபத்து நேர்ந்தால் எங்கே கூட வேண்டும், வெல்டிங்குக்கு பர்மிட் யாரிடம் வாங்க வேண்டும். புதிதாக வருபவருக்கான தள அறிமுகத்தையும், காலையில் வேலை தொடங்கும் முன் நடக்கும் டூல்பாக்ஸ் பேச்சையும் வெளி நிறுவனத்திடம் ஒப்படைப்பது பொருளற்றது.

ஒவ்வொரு வேலைக்கும் கேட்க வேண்டிய கேள்விகள்

சட்டம் கட்டாயப்படுத்தாத வேலைகளின் பட்டியலை முன்னே வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் சில கேள்விகளைக் கேட்டுப் பதில்களை எழுதுங்கள். தனியாக உட்கார்ந்து எழுத வேண்டாம். அந்த வேலையைச் செய்யும் மேஸ்திரியும் இரண்டு தொழிலாளர்களும் உடன் இருக்கட்டும்.

இந்த வேலையில் தவறு நேர்ந்தால் அதைத் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்குமா என்பதே முதல் கேள்வி. கலவை போடுபவர் கையுறை அணிய மறந்தால் சூப்பர்வைசர் பார்த்துச் சொல்லித் திருத்தலாம். அடைபட்ட தொட்டிக்குள் காற்றைச் சோதிக்காமல் இறங்குபவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அங்கே ஆக்சிஜன் குறைந்திருப்பது கண்ணுக்கோ மூக்குக்கோ தெரியாது. அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு, செறிவு கூடும்போது நுகர்வுணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். மயங்கியவரைக் காப்பாற்ற உள்ளே குதிப்பவரும் உயிரிழக்கும் கொடுமை மீண்டும் மீண்டும் நடக்கிறது. ஆகவே தொட்டியில் இறங்குபவர், வெளியே நின்று கவனிப்பவர், மீட்பவர் ஆகிய மூவருக்கும் உண்மையான உபகரணங்களோடு, மாதிரித் தொட்டியில், வெளியாரின் சோதனைக்கு உட்பட்ட பயிற்சி வேண்டும் என்று நான் வலியுறுத்துவேன். இதில் செலவைக் காரணம் காட்ட இடமே இல்லை.

அடுத்து, இந்த வேலையைக் கற்றுத்தரத் தகுதியுள்ள ஒருவர் நம்மிடம் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். வேலையில் நீண்ட அனுபவம் ஒரு தகுதி; கற்பிக்கத் தெரிவது வேறொரு தகுதி; வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் மூன்றாவது. மூன்றும் சேர்ந்த ஒருவர் இல்லையென்றால் சொந்தப் பயிற்சி வெறும் கையெழுத்துத் தாளாக முடியும். குறிப்பாக, பழகிப்போன தவறுகளும் அனுபவத்தோடு சேர்ந்தே கைமாறும் என்பதை மறக்கக் கூடாது. கிரைண்டரின் பாதுகாப்பு மூடியைக் கழற்றிவிட்டு வேலை செய்தே பழகிய மூத்தவர், அதையே இளையவருக்கும் கற்றுக்கொடுப்பார்.

பயிற்சி கொடுப்பவர் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பதையும் பாருங்கள். தளத்தின் வேலை முடியும் தேதிக்குப் பொறுப்பானவரே, ஒரு தொழிலாளி தகுதியானவரா என்றும் முடிவு செய்தால், ஆள் பற்றாக்குறை உள்ள வாரத்தில் தேர்ச்சி எளிதாகிவிடும். எவ்வளவு நேர்மையாக நடப்பவரையும் இந்த அழுத்தம் வளைக்கும். சொந்தப் பயிற்சியைத் தேர்ந்தெடுத்தாலும், இறுதிச் சோதனையை வேறு தளத்தின் பொறுப்பாளரோ வெளியிலிருந்து வருபவரோ செய்யுமாறு ஏற்பாடு செய்வது நல்லது.

தொழிலாளர்கள் எவ்வளவு காலம் உங்களிடம் இருப்பார்கள் என்ற கேள்வி, செலவோடு மட்டுமல்லாமல் நியாயத்தோடும் தொடர்புடையது. ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்கு மாறிக்கொண்டே இருப்பவருக்கு, எங்கும் செல்லுபடியாகும் சான்றிதழ் ஒரு சொத்து. அதைக் காட்டி அவர் கூடுதல் கூலி கேட்கலாம். நிறுவனம் கொடுக்கும் சான்றிதழ் அந்த நிறுவனத்தின் வாசலோடு நின்றுவிடும். ஆள் படித்துவிட்டுப் போய்விடுவார் என்று பயந்து பயிற்சி தராமல் இருக்க வேண்டாம்; பயிற்சி பெற்றவர் போய்விடுவதைவிட, பயிற்சி இல்லாதவர் நம்மிடமே இருப்பதுதான் பெரிய ஆபத்து.

கடைசியாக மொழி. தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் புரியும் சொற்களிலும் பயிற்சி இருக்க வேண்டும் என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறை 2010இல் தன் ஆய்வாளர்களுக்கு விளக்கக் குறிப்பு அனுப்பியது. எந்த நாட்டிலும் பொருந்தக்கூடிய அறிவுரை அது. எழுத்தறிவு குறைந்தவர்களுக்கு எழுத்துத் தேர்வு வைத்துத் தகுதியற்றவர் என்று தள்ளுவதும், புரியாத மொழியில் வகுப்பெடுத்துத் தகுதியானவர் என்று கையெழுத்திடுவதும் ஒரே அளவு தவறு. வெளி நிறுவனத்தின் வகுப்பு தொழிலாளியின் மொழியில் இல்லையென்றால், எவ்வளவு பெரிய அங்கீகாரம் இருந்தாலும் அதை நிராகரியுங்கள், அல்லது தொழில் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.

செலவைக் கணக்கிடும்போது

வெளிப் பயிற்சியின் செலவு கட்டணத்தோடு முடிவதில்லை. பயிற்சி நாளின் கூலி, பயணம், அன்று நின்றுபோகும் வேலை, சான்றிதழ் காலாவதியானால் புதுப்பிப்பது ஆகிய எல்லாமே சேரும். சொந்தப் பயிற்சி இலவசம் என்பதும் உண்மையல்ல. பயிற்றுநரின் நேரம், பாடம் தயாரிக்கும் நேரம், பயிற்சிக்கென்று ஒதுக்கும் உபகரணம், பதிவேடு, ஆண்டுதோறும் பாடத்தைத் திருத்துவது ஆகியவற்றை எழுதிப் பார்த்தால் சிறு நிறுவனத்துக்கு அது வெளிப் பயிற்சியைவிட அதிகமாகவே வரலாம். சிலருக்கு மட்டும், அரிதாகத் தேவைப்படும் திறன் என்றால் வெளியே அனுப்புவது மேல். பலருக்கு, அடிக்கடி தேவைப்படுவது என்றால் உள்ளேயே ஏற்பாடு செய்வது மேல்.

இரண்டுக்கும் இடைப்பட்ட வழிகளும் உண்டு. அங்கீகாரம் பெற்ற பயிற்றுநரைத் தளத்துக்கே வரவழைத்து, உங்கள் சாரத்தையும் உங்கள் இயந்திரத்தையும் வைத்தே வகுப்பு எடுக்கச் சொல்லலாம். பெரும்பாலான நடுத்தர நிறுவனங்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். உங்கள் ஆட்களில் கற்பிக்கும் இயல்புள்ள ஒருவரை, பயிற்றுநர்களுக்கான பயிற்சிக்கு அனுப்பலாம். நிறுவனத்தின் சொந்தத் திட்டத்தையே வெளியார் தணிக்கைக்கு உட்படுத்தவும் சில இடங்களில் வழி இருக்கிறது: அமெரிக்கக் கிரேன் விதி, வேலை கொடுப்பவர் நடத்தும் தகுதித் திட்டத்தை, வெளித் தணிக்கையாளர் சரிபார்த்திருந்தால் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அப்படிப் பெற்ற தகுதி அந்த நிறுவனத்தில் மட்டுமே செல்லும்.

எந்த வழியானாலும் செய்முறைக்கு முதலிடம் கொடுங்கள். 2006இல் அமெரிக்கப் பொதுச் சுகாதார ஆய்விதழில் வெளியான ஓர் ஆய்வு, பாதுகாப்புப் பயிற்சி குறித்த 95 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து, பயிற்சி பெறுபவர் எவ்வளவுக்குத் தானே ஈடுபட்டுச் செய்கிறாரோ அவ்வளவுக்கு அறிவும் கூடுகிறது, விபத்துகளும் குறைகின்றன என்ற முடிவுக்கு வந்தது.

பயிற்சி முடிந்து தளத்துக்கு வந்த பிறகு

சான்றிதழோடு வருபவரை நேரே வேலைக்கு ஏற்றிவிடக் கூடாது. அமெரிக்கக் கிரேன் விதியில் 2018இல் செய்த திருத்தம், சான்று பெற்ற ஓட்டுநரையும் அவர் இயக்கப்போகும் இயந்திரத்தில் வேலை கொடுப்பவர் தனியாக மதிப்பிட வேண்டும் என்று உறுதிப்படுத்தியது. சட்டம் கேட்காத இடங்களிலும் இதைப் பின்பற்றுங்கள். ஹார்னஸ் அணிபவரிடம் பழுதான ஒன்றை மற்றவற்றோடு கலந்து கொடுத்து, அதை அவர் கண்டுபிடித்து ஒதுக்குகிறாரா என்று பாருங்கள். சுமை கட்டுபவரிடம், சுமையைக் கட்டித் தூக்கும் ஸ்லிங்கின் அட்டையைப் படித்து, அது எவ்வளவு தூக்கும், கோணம் விரிந்தால் எவ்வளவு குறையும் என்று சொல்லச் சொல்லுங்கள். பள்ளத்தில் இறங்குபவரிடம் ஏணி எங்கே இருக்கிறது, தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து ஏன் தள்ளிப் போட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை இருக்கும் என்பதை அறிந்தவர், பக்கச்சுவருக்கு முட்டுக் கொடுக்காத பள்ளத்தில் இறங்கத் தயங்குவார்.

பதிவேட்டில் பெயர், தேதி, பயிற்றுநர், கற்பித்த பொருள், கற்பித்த மொழி, சோதித்த முறை ஆகியவை இருக்க வேண்டும். அதன் நகல் தொழிலாளியிடமும் இருக்க வேண்டும். புதிய இயந்திரம் வந்தாலோ, வேலைமுறை மாறினாலோ, மயிரிழையில் தப்பிய நிகழ்வு நடந்தாலோ, சான்றிதழின் காலம் மீதமிருந்தாலும் மறுபயிற்சி கொடுங்கள். மீட்புப் பயிற்சி விரைவில் மறந்துபோகும் என்பதால் ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒத்திகை தேவை.

துணை ஒப்பந்ததாரர் அனுப்பும் ஆட்களுக்கும் இதே சோதனைதான். அவர்களுடைய சான்றிதழ்களை வாங்கிக் கோப்பில் வைத்ததோடு உங்கள் பொறுப்பு முடிந்துவிடாது.

மேஸ்திரிகளையும் சூப்பர்வைசர்களையும் தொழிலாளர்களுக்கு முன்னதாகவே பயிற்சிக்கு அனுப்புங்கள். வகுப்பில் கேட்டதற்கும் மேஸ்திரி சொல்வதற்கும் முரண்பாடு வந்தால், தொழிலாளி மேஸ்திரி சொல்வதைத்தான் செய்வார்; தொழிலாளியின் அன்றைய கூலி மேஸ்திரி கையில்தான் இருக்கிறது.

தளச் சோதனையில் ஒருவர் தேறவில்லை என்றால், அந்த வேலையில் அவரை அன்று விடாதீர்கள். மற்றவர்கள் முன்னால் அவரைக் கண்டிக்கவும் வேண்டாம். எந்த இடத்தில் தடுமாறினார் என்பதை எழுதி, வேறு வேலை கொடுத்து, மறுபயிற்சி நாளுக்கும் முழுக் கூலி கொடுங்கள். கூலி வெட்டப்படும் என்று தெரிந்தால் அடுத்தவர் தனக்குத் தெரியாததை மறைத்துவிடுவார். அவருக்குச் சான்றிதழ் வழங்கிய நிறுவனத்துக்கு இதை எழுத்தில் தெரிவித்து விளக்கம் கேளுங்கள். அதே நிறுவனத்தின் சான்றிதழோடு வந்த மற்றவர்களையும் உடனே மறுசோதனை செய்யுங்கள்.